சிறு வாணிகரும் வலைத்தளம் அமைப்போரும்

தஞ்சையினின்றும் புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் ஆதனக்கோட்டை என்னும் ஊரைக் கடப்போர், முந்திரிக்கொட்டை வறுபடும் மணத்தை உணராது செல்லார். புகையினிடையே நின்று கொட்டையை வறுப்போரும், தோட்டின் எண்ணெய் கையைப் புண்படுத்தாவண்ணம் உடைத்துப் பருப்பை எடுப்போரும், அதனை வழிப்போக்கர்க்கு விற்போரும் பெரும்பாலும் மகளிரே. கீரமங்கலத்துப் பூவும், ஆலங்குடிப் பக்கத்துப் பலாவும், கோட்டைப்பட்டினம் ஜெகதாப்பட்டினம் ஆகிய கடற்றுறைகளின் மீனும் எம் மாவட்டத்தின் பிற செல்வங்களாம். இவற்றை விற்போர்க்கு நெடுங்காலமாகக் கடை என்பது ஒரு கூரையும் ஒரு தராசுமே. விளம்பரம் என்பது வாங்கினோர் வாய்ச்சொல்லே. இன்றோ வாங்குவோர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டே கைத்தொலைபேசியிற் பொருளைத் தேடுகின்றனர். ஆதலின், சிறு வாணிகரும் தமக்கென ஒரு வலைத்தளம் வேண்டுமென விழைதல் இயல்பே. அதனைத் தாமே அமைக்கும் பயிற்சி அவர்க்கு இன்மையின், அத்தொழில் வல்லார் ஒருவரை அமர்த்துகின்றனர். அவ்வாறு அமர்த்துங்கால் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதனை என் சிற்றறிவிற்கு எட்டியவாறு விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

ஒரு நிகழ்ச்சி

எனக்கு அத்தைமுறை ஆகும் அம்மையார் ஒருவர் முந்திரிப்பருப்பு வாணிகம் புரிபவர். இளமையிற் பள்ளி செல்லாதவர். பின்னர் அறிவொளி வகுப்பில் எழுத்தறிந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர், வலைத்தளம் அமைத்துத் தரும் இளைஞர் ஒருவரை அவர்க்கு அறிமுகம் செய்தவன் யானே. அப்பொழுது யான் பள்ளி மாணவன். என் சொல்லை நம்பி, பேசிய தொகை முழுவதையும் அவர் முன்னரே கொடுத்தார். தளமும் அழகாகவே அமைந்தது. அதன் பெயரைப் பருப்பு அடைக்கும் அட்டைப்பெட்டிகளில் எல்லாம் அச்சிட்டார். இரண்டு ஆண்டுகள் நன்கு நடந்தபின் ஒருநாள், சென்னையிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர், "அம்மா, உங்கள் கடையின் பக்கம் திறக்கவில்லையே, வேறு ஏதோ விளம்பரம் வருகிறதே" என்று தொலைபேசியிற் கூறினார்.

ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. தளத்தின் பெயர் அவ்விளைஞர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. ஆண்டுக் கட்டணம் செலுத்தும்படி வந்த நினைவுறுத்தல்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கே சென்றன. அவரோ வெளிநாட்டில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். பழைய மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கைவிட்டிருந்தார். கட்டணம் செலுத்தப்படாமையாற் பெயர் கைநழுவி, முன்பின் அறியாத ஒருவர் கைப்பட்டது. அவர் அதனைத் திருப்பித் தருதற்குப் பன்மடங்கு பொருள் கேட்டனர். அவ்விளைஞர் வஞ்சகர் அல்லர். யார் பெயரிற் பதிவது என்று அவர் வினவவுமில்லை, அத்தை கூறவுமில்லை, இடைநின்ற யான் எண்ணிப் பார்க்கவுமில்லை. அறியாமை ஒன்றே அவ்விழப்பிற்குக் காரணமாயிற்று. அதன்பின் யான் வினவியும் பயின்றும் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு முறைப்பட எழுதுகின்றேன்.

வலைத்தளம் என்பது யாது?

உலகளாவிய வலை என்னும் அமைப்பினை 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் அப்பொழுது ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தார். 1991-ஆம் ஆண்டில் அது வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அந்நிலையம் அறிவித்தது. பெருஞ்செல்வரும் சிறு கடைக்காரரும் ஒரே வலையில் இடம்பெறக் கூடியதற்கு அவ்வறிவிப்பே வழிவகுத்தது.

வலைத்தளம் என்பதனை ஒரே பொருளாகக் கருதுதல் பெரும்பிழை. அது மூன்று பொருள்களின் கூட்டமாம். முதலாவது, டொமைன் என வழங்கும் தளப்பெயர். இஃது ஊரார் நம் கடையைக் கண்டறிதற்குரிய முகவரி போன்றது. இரண்டாவது, ஹோஸ்டிங் என வழங்கும் இடம். நம் பக்கங்களும் படங்களும் எப்பொழுதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் வைக்கப்பெறுதல் வேண்டும். அதற்குக் கொடுக்கும் வாடகையே இது. மூன்றாவது, அவ்விடத்தில் எழுப்பப்பெறும் பக்கங்களும் அவற்றை இயக்கும் நிரலும். ஒரு வீட்டைக் கட்டுங்கால் மனையும், மனைக்குரிய பத்திரமும், கட்டடமும் வெவ்வேறாதல் போல இவையும் வெவ்வேறாம். கொத்தனார் வீட்டைக் கட்டுவார். அதுபற்றி மனைப்பத்திரத்தை அவர் பெயரில் எழுதுவார் எவருமிலர். வலைத்தளத்திலோ அறியாமையால் அதனையே செய்துவிடுகின்றோம்.

தளப்பெயரின் இயல்பை இன்னும் சிறிது விரித்தல் நன்று. அது விலைகொடுத்து அறவே வாங்கும் பொருள் அன்று, குத்தகை போல்வது. ஓராண்டு முதற் பத்தாண்டு வரை ஒருமுறையிற் பதியலாம். அதன்பின் புதுப்பித்தல் வேண்டும். டாட் காம் முதலிய பெயர்களுக்குரிய விதிகளை ஐக்கான் என்னும் அமைப்பு வகுக்கின்றது. டாட் இன் என முடியும் இந்தியப் பெயர்களை நிக்சி என்னும் இந்திய அமைப்பு மேற்பார்க்கின்றது. அவை 2005-ஆம் ஆண்டு முதற் பொதுமக்கள் எளிதிற் பெறுமாறு திறக்கப்பட்டன. தமிழ் எழுத்திலேயே 'இந்தியா' என முடியும் தளப்பெயரும் உண்டு என்பது தமிழ் மாணவர்க்கு உவகை தரும் செய்தியாம்.

டாட் காம் போன்ற பெயர் காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு திங்களுக்கு முன்னரும், ஒரு கிழமைக்கு முன்னரும், பதிவு செய்தவர்க்கு நினைவுறுத்தல் அனுப்பப்பெறும். காலாவதியான பின்னும், பதிவு நிறுவனத்தின் வழக்கிற்கேற்ப 45 நாள் வரை தவணை கிடைத்தல் கூடும். பின்னர் 30 நாள், மிகுந்த கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதன்பின் 5 நாள் கழிந்தால் எவரும் அதனைப் பதிந்துகொள்ளலாம். ஆகவே, இத்துணை வாய்ப்புகளும் உளவாயினும், நினைவுறுத்தல் யார் கைக்குச் செல்கின்றதோ அவரே அவற்றைப் பயன்படுத்த வல்லார். எம் அத்தைக்கு நேர்ந்த இழப்பின் வேர் இதுவேயாம்.

தனித்தொழில் புரிவோர்

ஒரு நிறுவனத்தில் மாத ஊதியம் பெறாது, பலர்க்கும் தனித்தனியே வேலை செய்து கொடுப்போரை ஃப்ரீலான்சர் என்பர். லான்ஸ் என்பது ஈட்டி. ஓர் அரசனுக்கே கட்டுப்படாது, பொருள் தருவார்க்கு ஈட்டி ஏந்திப் போர்புரியும் வீரரைக் குறித்து ஸ்காட் என்னும் ஆசிரியர் தம் ஐவன்ஹோ என்னும் நவீனத்தில் இச்சொல்லை வழங்கினார். இன்று ஈட்டி மறைந்து சொல் மட்டும் நின்றது.

இத்தகையோரை அமர்த்துவதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. பெருநிறுவனங்கள் கேட்கும் தொகையை ஒரு சிறு கடை தாங்காது; தனித்தொழிலாளர் குறைந்த தொகைக்குச் செய்வர். வேலை செய்பவரிடமே நேரிற் பேசலாம். நம் ஊர் வழக்கும் மொழியும் அவர்க்குத் தெரிந்திருக்கும். இடர் யாதெனின், அவர் ஒருவரே ஆதலின், அவர் நோயுற்றாலோ, வேலை கிடைத்து வேற்றூர் சென்றாலோ, அவர் இடத்தில் நிற்பார் பிறர் இலர். எனவே, அவர் இல்லாத நாளிலும் நம் தளம் நடைபெறுமாறு அமைத்துக்கொள்ளுதலே தனித்தொழிலாளரை அமர்த்துவோர் செய்யத்தக்க தலையாய ஏற்பாடாம். இஃது அவர்மேல் ஐயம் கொள்ளுதல் ஆகாது.

தன் தேவையை அறிதல்

ஆளைத் தேடுமுன் தேவையை அறிதல் வேண்டும். சிலர்க்கு வலைத்தளமே வேண்டுவதில்லை. கடை எங்குளது, எப்பொழுது திறந்திருக்கும், தொலைபேசி எண் யாது என்பவற்றைக் காட்டுதல் மட்டுமே நோக்கமாயின், கூகுள் வரைபடத்திற் கடையைக் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த வாட்சப் பிசினஸ் என்னும் செயலியிற் பொருள்களின் படமும் விலையும் காட்டலாம். பூக்கடை வைத்து அவ்வூரிலேயே விற்பார்க்கு இவை போதும்.

வலைத்தளமே வேண்டுமெனின், அது மூவகைப்படும். கடையின் வரலாறும் பொருளும் முகவரியும் கூறும் சில பக்கங்கள் கொண்டது ஒன்று. பொருட்பட்டியலை உடையவர் தாமே அவ்வப்போது மாற்றிக்கொள்ளுமாறு அமைந்தது மற்றொன்று. வாங்குவோர் பொருளைத் தேர்ந்து, அங்கேயே பணமும் செலுத்துமாறு அமைந்த முழுக்கடை மூன்றாவது. ஒன்றினும் மற்றொன்றிற்கு உழைப்பும் செலவும் மிகும். எவ்வகை வேண்டும், எத்தனை பொருள், தமிழும் ஆங்கிலமும் இரண்டும் வேண்டுமா, என்றைக்குள் வேண்டும், எவ்வளவு செலவிட இயலும் என ஒரு தாளில் எழுதிக்கொள்க. அத்தாள் இல்லாதவர் "நல்ல வெப்சைட் ஒன்று செய்து தாருங்கள்" என்பர். கேட்பவர் மனத்தில் ஒன்றும் செய்பவர் மனத்தில் ஒன்றுமாகப் பின்னர்ப் பூசல் விளையும்.

தெரிந்து தெளிதல்

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரமும், அதனையடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என ஓரதிகாரமும் வகுத்துள்ளார். ஆராய்ந்து நம்புதல் முன்னது. நம்பினாரைத் தக்க வினையில் அமர்த்துதல் பின்னது. அரசர்க்கு வகுத்த இம்முறை சிறு கடைக்காரர்க்கும் பொருந்துவதேயாம்.

ஆராய்தற்கு வழிகள் சில கூறுதும். ஒருவர் முன்னர் அமைத்த தளங்கள் இரண்டு மூன்றின் பெயரைக் கேட்டு, அவற்றை நம் தொலைபேசியிலேயே திறந்து பார்த்தல் வேண்டும். வாங்குவோரிற் பலர் தொலைபேசியிலேயே காண்பர் ஆதலின், பெரிய கணினியில் அவர் காட்டும் அழகு மட்டும் சான்றாகாது. விரைந்து திறக்கின்றதா, எழுத்து பெரிதாகத் தெரிகின்றதா, எண்ணைத் தொட்டால் அழைப்புச் செல்கின்றதா என்று நோக்குக. பின்னர் அத்தளங்களின் உடையவருள் இருவரிடம் பேசுக. "பணம் வாங்கியபின் அழைத்தால் எடுக்கின்றாரா? பெயர் யார் பெயரில் உள்ளது?" என்னும் இரண்டு வினாக்களுக்கு அவர் தரும் விடை, பத்துப் படங்களினும் பயனுடையது.

நம்மிடம் அவர் கேட்கும் வினாக்களையும் நோக்குதல் வேண்டும். யார் வாங்குவோர், எவ்வூர்க்கு அனுப்புவீர், திரும்ப வந்த பொருளுக்கு என் செய்வீர் என வினவுபவர் தொழில் அறிந்தவர். ஒன்றும் வினவாது விலை மட்டும் கூறுபவர், எல்லோர்க்கும் ஒரே சட்டையைத் தைப்பவர் ஆவர். மிகக் குறைந்த விலையும் ஆராயத்தக்கதே. அவ்விலையில் எவை அடங்கும், எவை அடங்கா, இரண்டாம் ஆண்டிற் கொடுக்க வேண்டுவது யாது எனக் கேட்டறிக.

எவ்வமைப்பிற் கட்டப்போகின்றார் என்பதும் அறியத்தக்கது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்டுபிரஸ் போன்ற, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க அமைப்பாயின், இவர் சென்றால் அதனை அறிந்த வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம். அவர் ஒருவர்க்கே தெரிந்த அமைப்பாயின், நாம் என்றும் அவர் கையையே நோக்கியிருத்தல் நேரும். தமிழெழுத்து ஒருங்குறியில், அஃதாவது யூனிகோடில், இருத்தலும் இன்றியமையாதது. முற்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையிற் செய்யப்பட்டமையால், ஒன்றில் எழுதியது மற்றொன்றிற் படிக்க வாராதிருந்தது. அக்குறை நீங்கப் பிறந்தது ஒருங்குறி. தமிழ்நாட்டு அரசும் 2010-ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. சிலர் தமிழ்ச்சொற்களைப் படமாக வரைந்து பக்கத்தில் ஒட்டிவிடுவர். கண்ணுக்கு அது தமிழாகத் தோன்றினும், 'முந்திரிப்பருப்பு' என ஒருவர் தேடுங்கால் அது கிட்டுதல் அரிது.

தெரிந்து வினையாடல்

ஆளைத் தேர்ந்தபின், முதற்கண் தளப்பெயரை வாணிகரே தம் பெயரில், தம் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் கொடுத்து, தம் பணத்தாற் பதிந்துகொள்ளல் வேண்டும். தொழிலாளர் அருகிருந்து உதவலாம். ஹோஸ்டிங் கணக்கும் அவ்வாறே. பணம் பெறும் வாயிற் கணக்கு வாணிகரின் வங்கிக் கணக்கோடு இணைதல் வேண்டும். தொழிலாளர்க்கு வேண்டிய அளவு உள்நுழையும் உரிமையைத் தனியே கொடுத்து, வேலை முடிந்தபின் அதனை நீக்கிக்கொள்ளலாம். சாவிக்கொத்து முழுவதையும் ஒருவர் கையிற் கொடுத்துவிட்டு, நம் வீட்டு வாயிலில் நாமே நின்று தட்டும் நிலை வேண்டா. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் வழங்கிய அம்மன் காசினைச் சிலர் அறிந்திருப்பர். அதனை அடித்தவர் யாரேயாயினும் அதன்மேல் நின்ற பிரகதாம்பாள் உருவம் சமஸ்தானத்தின் முத்திரையே. வாணிகர்க்குத் தளப்பெயரே முத்திரை. தளத்தைச் செய்பவர் பிறராகலாம். முத்திரை உடையவர்க்கே உரியது.

அடுத்து, உடன்பாட்டினை எழுத்தில் அமைத்தல் வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் பொதுவாகச் செல்லுமாயினும், கருத்து வேறுபடுங்கால் அதனை மெய்ப்பித்தல் அரிது. செய்ய வேண்டிய வேலை, முடிக்க வேண்டிய நாள், தொகை, தவணை, எத்தனை முறை திருத்தம் செய்து தருவார், முடிந்தபின் எத்தனை திங்கள் பழுது நீக்குவார், எக்கணக்குகளை ஒப்படைப்பார் என்பன அதில் இடம்பெறுக. இரண்டு பக்கம் போதும். எளிய தமிழில் இருந்தாற் சாலும்.

அவ்வுடன்பாட்டில் விட்டுவிடலாகாத பொருள் ஒன்று உண்டு, அது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்னும் வகையில் அடக்குகின்றது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஊழியர் ஒருவர் தம் பணியின்கண் படைத்ததற்கு, மாறான உடன்பாடு இல்லையாயின், அவரைப் பணியில் வைத்தவரே முதல் உரிமையாளர். தனித்தொழிலாளரோ ஊழியர் அல்லர். ஆதலின், நாம் பணம் கொடுத்துச் செய்வித்தோம் என்பது ஒன்றே பற்றி, அவர் எழுதிய நிரல் நமக்கு உரியதாகிவிடாது, எழுதியவர்க்கே உரியதாம். பொருள் கொடுத்து எடுப்பித்த நிழற்படம் மட்டும், வேறு உடன்பாடு இல்லாதவழி, எடுப்பித்தவர்க்கு உரியது என அப்பிரிவே கூறுதல் கருதத்தக்கது. உரிமையை மாற்றித் தருதல் 19-ஆம் பிரிவின்படி எழுத்திலும் கையெழுத்தோடும் இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். எனவே, "இத்தளத்திற்கென எழுதிய நிரலின் உரிமையை, முழுத்தொகையும் பெற்றவுடன், எக்காலத்திற்கும் எல்லா நாட்டிற்கும் மாற்றித் தருகின்றேன்" என ஒரு வரி எழுதி வாங்குதல் நலம். வேர்டுபிரஸ் போன்ற பொதுவமைப்புக்கு அவரவர் உரிமை விதி தனியே உண்டு. அவ்வரி அதனைத் தொடாது.

பணத்தை ஒருமிக்கக் கொடுத்தலும், எல்லாம் முடியும்வரை ஒன்றும் கொடாமையும் ஆகிய இரண்டுமே தவறு. தொடக்கத்தில் ஒரு பங்கு, மாதிரிப் பக்கங்களைக் கண்டபின் ஒரு பங்கு, தளம் இயங்கிக் கணக்குகள் எல்லாம் கைக்கு வந்தபின் எஞ்சியது எனப் பகுத்துக் கொடுத்தல் இருவர்க்கும் ஏற்றது.

பெயரே கைவிட்டுப் போனால் வழியில்லையா எனின், உண்டு. சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், தளப்பெயரும் வணிகக்குறி போல வாணிகத்தை அடையாளம் காட்டுவது எனக் கொண்டு, அதற்குப் பாதுகாப்பு உண்டு எனத் தீர்ப்பளித்தது. டாட் இன் பெயர்களைப் பற்றிய பூசலைத் தீர்க்கத் தனி நடுவர் முறையும் உளது. ஆயினும், வழக்கிற்கும் நடுவர்க்கும் ஆகும் செலவையும் காலத்தையும் நோக்க, ஒரு சிறு கடைக்கு அவ்வழி எளிதன்று. வருமுன் காத்தலே அறிவுடைமை.

தளம் அமைந்த பின்

தளம் திறந்த அன்றே வேலை முடிந்ததாகக் கருதலாகாது. வீட்டிற்கு வெள்ளையடித்தல் போல, தளத்தின் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். இல்லையேற் கயவர் புகுந்து கெடுத்தல் எளிதாம். தளத்தின் படி ஒன்றைக் குறித்த நாள்தோறும் எடுத்து, வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். பூட்டுக்குறி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கேட்பாரும் உளர். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015-ஆம் ஆண்டின் இறுதி முதல் அதனைக் கட்டணமின்றி வழங்கி வருகின்றது என்பதை அறிந்து பேசுக.

சட்டம் வேண்டுவனவும் உள. உணவுப்பொருள் விற்போர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற 14 இலக்கப் பதிவெண்ணைக் காட்டுதல் முறை. வலைவழி விற்பனையை நடத்தும் அமைப்புகள் பெயர், முகவரி, குறை கேட்கும் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் வெளியிடுமாறு 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பணிக்கின்றன. வாங்குவோர் தரும் பெயரும் முகவரியும் எண்ணும் அவர்தம் உடைமை. அவற்றை வேண்டியவாறு பிறர்க்குக் கொடுத்தலாகாது என்னும் கொள்கையை 2023-ஆம் ஆண்டின் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகின்றது. இவற்றைத் தளம் அமைப்பவரே நினைவில் வைப்பார் என எண்ணாது, வாணிகரே கேட்டறிதல் வேண்டும்.

அமர்த்துவோர் கடமை

இதுகாறும் வாணிகர் பக்கம் நின்றே கூறினேன். மறுபக்கத்தையும் நோக்குதல் நடுவுநிலைமையாம். வலைத்தளம் அமைக்கும் இளைஞர் பலர் நம்மைப் போலக் கல்லூரிப் படிப்பை முடித்தவர். வேலை கிட்டும் வரையிலோ, வேலை வேண்டாமென்றோ, வீட்டின் ஒரு மூலையில் இருந்து உழைப்பவர். அவரிடம் பொருட்படங்களையும் விலைப்பட்டியலையும் மாதக்கணக்கில் கொடாதிருந்துவிட்டு, "இன்னும் முடியவில்லையே" எனக் கடிதல் அறமன்று. பேசியது ஐந்து பக்கமாக, "இதையும் சற்றே சேர்த்துவிடு தம்பி" என்று பத்துப் பக்கம் வாங்குதலும் அறமன்று. தச்சரிடம் கதவு பேசிவிட்டு, அக்கூலியிலேயே கட்டிலும் கேட்பாரை ஊர் நகும். கண்ணுக்குப் புலனாகாத வேலையாதல் பற்றி இளைஞரிடம் அவ்வாறு கேட்க நாணுவார் இலர். கூடுதல் வேலைக்குக் கூடுதல் தொகை என்பதனை உடன்பாட்டிலேயே எழுதுக. இறுதித் தவணையை நாள் கடத்தாது கொடுக்க. தெளிந்த எழுத்து வாணிகரை மட்டுமன்று, உழைப்பவரையும் காக்கும். எம் நிகழ்ச்சியிலும் அத்தகைய தாள் ஒன்று இருந்திருப்பின், அவ்விளைஞர் ஒருவர் பழிக்கு ஆளாகாதிருந்திருப்பார்.

முடிவுரை

சேர்ன் நிலையத்து வலை உலகிற்கு அறிமுகமான அதே 1991-ஆம் ஆண்டில்தான் எம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. ஷீலா ராணி சுங்கத் அம்மையார் மாவட்ட ஆட்சியராயிருந்த அந்நாளில், எழுத்தறியாப் பெண்டிர் பலர் மாலைதோறும் கூடி எழுதப் படிக்கக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் கற்று, பிறர் துணையின்றி வெளியூர் சென்று வந்தனர். கைந்நாட்டு வைத்தவர் கையெழுத்திட்டனர். அவர்களுள் ஒருவரே எம் அத்தை. இன்று அவர்போன்றார் முன் வேறொரு வகை எழுத்து நிற்கின்றது. அதனை எழுத வல்லார் சிலரே. அனைவரும் அதனைக் கற்றல் இயலாது. கற்க வேண்டுவதும் இல்லை. ஆயின், தம் உடைமை எது, அது யார் பெயரில் உள்ளது, அதன் திறவுகோல் யாரிடம் உள்ளது என்னும் மூன்றனையும் அறிதல் அனைவர்க்கும் இயலும். கல்லூரியிற் பயிலும் நாம், விடுமுறையில் ஊர் செல்லுங்கால், நம் உற்றார் கடைகளில் இம்மூன்றனையும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்து வருதல் சிறிய தொண்டேயாயினும் பயனுடைய தொண்டாம்.

சென்ற கோடை விடுமுறையில் அத்தை புதிய தளப்பெயர் ஒன்றைத் தம் பெயரிலேயே பதிந்துகொண்டார். யான் அருகிருந்து படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியையும் கேட்டபின்னரே மேற்செல்ல இசைந்தார். புதுப்பிக்க வேண்டிய நாளைக் கணக்கு நோட்டின் முதற்பக்கத்தில் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். "கையெழுத்துப் போட அன்றைக்குக் கற்றுக்கொடுத்தார்கள், தம்பி. எதில் போடுகிறோம் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்" என்றார். பழைய பெயர் அச்சிட்ட பெட்டிகள் இன்னும் சில நூறு எஞ்சியுள்ளன. அவற்றின்மேல் புதுப்பெயர் எழுதிய சீட்டை ஒட்டும் வேலை, இடைநின்று பிழைசெய்தவன் என்னும் முறையில், எனக்கே அளிக்கப்பட்டுள்ளது.